நடுச்சுவரின் துளை

டெபோரா எதையும் அளப்பதற்கு முன்னால், பிறர் சொல்லும் எண்ணைக் காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள். திருப்பதியை அடுத்த தொழிற்பேட்டையில், நாகபூஷணத்தின் இயந்திரப் பட்டறையில் தர ஆய்வாளராகச் சேர்ந்த நாள்முதல் அவளுடைய வழக்கம் அது. லேத்தில் வேலை செய்பவன் பொருளைக் கொண்டுவந்து வைத்து, "மேடம், இது கரெக்டா அம்பது..." என்று வாயெடுத்தால் போதும், கையை உயர்த்தித் தடுத்துவிடுவாள்.

"சொல்லாத. சொன்னியானா என் கண்ணு அந்த நம்பரைத்தான் தேடிக்கினு போவும்."

பிறகு பொருளைத் துடைப்பாள், கருவியைத் துடைப்பாள், கடைந்த சூடு ஆறும்வரை இரண்டையும் கருங்கல் மேசைமேல் இருக்கவிடுவாள். அளந்து தன் எண்ணை எழுதிய பின்னரே அவனுடைய எண்ணைக் கேட்பாள். "டெபோரா மேடத்துக்கிட்ட டைம் கேட்டா, சூரியனை அளந்துட்டுத்தான் சொல்லும்" என்று பட்டறையில் ஒரு கேலி உண்டு. கேலி செய்தவன் கொண்டுவந்த பொருளையும் அவள் அதே பொறுமையோடு அளந்தாள்.

ஆனால் சித்தூர்ச் சீமையில் மாம்பழம் பழுக்கும் மாதங்களில் பொறுமைக்கு மதிப்புக் குறைவு. தோத்தாபுரி ஏற்றிய லாரிகள் கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில் வரிசை கட்டி நிற்கும். ஒரு நாள் தாமதித்தால் பழம் அழுகும். அந்த அவசரத்தில்தான் நாகபூஷணத்தின் பட்டறை, சித்தூருக்கு அருகிலுள்ள ஒரு தொழிற்சாலைக்குப் பழக்கூழ் பிழியும் இயந்திரம் ஒன்றைச் செய்து அனுப்பியது. அதன் இரும்புச் சட்டத்தில் சற்றே இடைவெளிவிட்டு மூன்று சுவர்கள் உண்டு. சுவருக்கு ஒரு துளை. துளைக்கு ஒரு பேரிங். மூன்றையும் ஊடுருவிச் செல்வது முன்கைப் பருமன் கொண்ட ஒரே ஷாஃப்ட். அது சுழன்றால்தான் பழம் கூழாகும்.

இயந்திரம் ஓடத் தொடங்கியதும் நடுச்சுவரின் பேரிங் தீய்ந்தது. புதிது போட்டார்கள், அதுவும் தீய்ந்தது. நாகபூஷணம் காரில் போய் இறங்கினார். தீய்ந்த பேரிங்கை ஒரு பார்வை பார்த்தார். பழம் பொறுக்கும் பெல்ட்டின் இருபுறமும் பெண்கள் நின்று வேலை செய்துகொண்டிருக்க, அவர்கள் நடுவே நின்று, இயந்திரத்தைப் பராமரிக்கும் ஃபிட்டர் தனசேகரைச் சுட்டிச் சத்தமாகச் சொன்னார்: "மெஷின்ல ஒண்ணும் இல்ல. கிரீஸ் டப்பாவை வெளிய வித்துத் துன்னுட்டான் இவன். காஞ்ச பேரிங் தீயாம என்ன பண்ணும்?"

தொழிற்சாலை மேலாளர் சுமித்ரா, எழுத்தில் அறிக்கை வரட்டும் என்றாள். அதுவரை தனசேகர் இயந்திரத்தைத் தொடக் கூடாது, வாசலில் கூடை இறக்கட்டும் என்றாள். அறிக்கை அவன் குற்றம் என்று சொல்லிவிட்டால் வேலை போகும். திருடன் என்ற பெயரோடு போகிறவனை மாவட்டத்தின் வேறெந்தக் கூழ்த் தொழிற்சாலையும் உள்ளே விடாது.

அறிக்கை எழுத டெபோராவைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

"போயி ஒரு பார்வை பாத்துட்டு, கிரீஸ் இல்லாம தீஞ்சதுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுட்டு வந்துடும்மா" என்றார் நாகபூஷணம்.

"என்ன இருக்குதோ அதைப் பாத்து எழுதறேன் சார்."

"இருக்கறதைத்தான் நானே சொல்லிட்டேனே!"

"அதைத்தான் சார் சொல்லாதீங்கன்றது."

அவர் சிரித்துவிட்டார். அப்போது அவருக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது.

மூன்று வரப்புகளில் மூன்று நண்டுகள் வளை தோண்டின கதை ஒன்று உண்டு. ஒவ்வொரு நண்டும் தன் வளையை வட்டமாக, வழவழப்பாகத் தோண்டியது. அண்டை வரப்பை எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர்ப் பாம்பு ஒன்று மூன்று வளைகளிலும் நுழைந்து மறுபுறம் வந்து, "அருமையான வழி" என்று பாராட்டிப் போயிற்று. பிறகு உழவன் ஒரு மூங்கில் கோலை அதே வழியில் செலுத்தினான். அது நடுவரப்பில் முட்டி நின்றது. மூன்று நண்டுகளும் ஒரே குரலில் கோலை ஏசின: "பாம்புக்கு இருக்கிற பணிவு உனக்கு இல்லையே, திமிர் பிடித்தவனே!" வளை கோணியிருக்கும்போது நண்டு கோலைத்தான் ஏசும். தன் கொடுக்கை ஏச அதற்கு மனம் வராது.

சித்தூரில் டெபோரா போய்ச் சேர்ந்தபோது தனசேகர் லாரியிலிருந்து கூடை இறக்கிக்கொண்டிருந்தான். கார்வேட்டிநகரத்துக்காரன்; கறுத்து உயர்ந்த உடம்பு. அவள் தான் யாரென்று சொன்னதும் கூடையைத் தரையில் வைத்தான்.

"ஓ, பட்டறை மேடமா? ரிப்போர்ட்டை அங்கியே டைப் அடிச்சு எடுத்துக்கினு வந்துட்டீங்களா, இல்ல இங்க வந்து அடிக்கப் போறீங்களா?"

"வெறும் தாள்தான் இருக்குது அண்ணா. நீங்க என்ன பாத்தீங்களோ, சொல்லுங்க."

"மூணு பேரிங்குக்கும் ஒரே டப்பா கிரீஸ். என் கையாலதான் வெச்சேன். ரெண்டு ஓரத்துலயும் இருக்கறது ஜில்லுன்னு இருக்குது. நடுவுல இருக்கறது மட்டும் கொதிச்சிக்கினு இருக்குது. திருடறவன் நடு பேரிங் கிரீஸை மட்டுமா திருடுவான்? அப்படிப்பட்ட திருடனை நீங்க பாத்திருக்கீங்களா?"

"வாங்க, உள்ள போயி பாக்கலாம்."

"நான் வர மாட்டேன். கிட்ட வந்தா, தொட்டுக் கெடுத்துட்டான்னு சொல்வீங்க. நான் இங்கேர்ந்தே பாக்கறேன். எனக்கு கண்ணு நல்லாத்தான் இருக்குது." அவன் கைகளைக் கட்டிக்கொண்டு வாசற்படியிலேயே நின்றான்.

ஷாஃப்ட்டும் பேரிங்குகளும் ஏற்கெனவே கழற்றி வைக்கப்பட்டிருந்தன. டெபோரா மூன்று துளைகளையும் துடைத்தாள். ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்தாள். மூன்றும் அளவில் குறையற்றவை, வட்டத்தில் குறையற்றவை. அது அவளுக்கு வியப்பாக இல்லை. இயந்திரம் பட்டறையிலிருந்து புறப்படுமுன் அவற்றை அப்படி அளந்து கையெழுத்திட்டவள் அவளேதான்.

ஆனால் ஒரு துளையை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், அடுத்த துளை எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது. மூன்றுக்கும் பொதுவான ஒரு கோடு வேண்டும். காற்றில் கோடு போட முடியாதாகையால், அவள் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றை மூன்று துளைகளின் வழியாகவும் இழுத்து, ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் கனமான எடையைத் தொங்கவிட்டாள். சட்டத்தைத் தொடாதபடி இரு முனைகளுக்கும் பிளாஸ்டிக் தாங்கி வைத்தாள். பேட்டரியும் சிறு பல்பும் இணைத்தாள். துளையின் சுவரில் ஊன்றிய மைக்ரோமீட்டரின் நுனி கம்பியைத் தொட்ட கணமே பல்பு எரியும். கம்பி அசையுமளவு அழுத்த வேண்டியதில்லை.

"மேடம், நீங்க பல்பைப் பாத்துச் சொல்லுங்க" என்று சுமித்ராவை அழைத்தாள்.

"எனக்கு எதுக்கு இந்த வேலை? லாரி நிக்குது அங்க."

"நாளைக்கு யாரும், நான் மட்டும் தனியா பாத்தேன்னு சொல்லக் கூடாது."

சுமித்ரா குனிந்தாள். டெபோரா முதலில் இரண்டு ஓரத் துளைகளிலும் கம்பியைச் சரிநடுவே நிறுத்தினாள்: இடப்புறம் தொட்டபோதும் வலப்புறம் தொட்டபோதும் ஒரே அளவு. பிறகு நடுச்சுவருக்கு வந்தாள். கம்பி தன் எடையால் கீழ்நோக்கிச் சிறிது தொய்யலாம்; பக்கவாட்டில் தொய்யாது. ஆகவே பக்கவாட்டு அளவையே முதலில் எடுத்தாள்.

"எரியுது" என்றாள் சுமித்ரா. டெபோரா எழுதிக்கொண்டு மறுபக்கம் அளந்தாள். "எரியுது." துடைத்துவிட்டு மீண்டும் இருபுறமும் அளந்தாள். எண்கள் மாறவில்லை. நடுச்சுவரின் துளை ஒரு பக்கமாக விலகியிருந்தது; விலகல் இரண்டு மயிரிழைப் பருமன்.

"ரெண்டு மயிருக்கா இவ்ளோ கூத்து?" என்றாள் சுமித்ரா.

"ஷாஃப்ட் தடியா இருக்குது, சுவருங்க கிட்டகிட்ட இருக்குது. அது வளையாது மேடம். வளையாததை வளைச்சு உக்கார வெச்சா, சுத்தற ஒவ்வொரு சுத்துக்கும் நடு பேரிங்கை நெருக்கிக்கினே இருக்கும். கிரீஸ் கடலையே ஊத்தினாலும் தீயும்."

வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "நான் ஜெயிச்சேனா தோத்தேனா?"

"இன்னும் பட்டறையில பேச வேண்டியது இருக்குது அண்ணா."

"அப்போ தோத்தேன்னுதான் அர்த்தம்" என்று சொல்லிவிட்டுத் தனசேகர் அடுத்த கூடையைத் தூக்கினான்.

மறுநாள் பட்டறையில் நாகபூஷணம் சிரிக்கவில்லை. அவளுடைய தாளை மேசைமேல் தள்ளினார். அருகில் ஃபோர்மேன் சுரேஷ்பாபு நின்றான்.

"ஏம்மா, நம்ம டிராயிங்ல மூணு துளைக்கும் தனித்தனியா அளவு போட்டிருக்கு. மூணும் பாஸ். நீயே கையெழுத்து போட்டிருக்கே. மூணும் ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கணும்னு எங்க எழுதியிருக்கு, காட்டு பார்க்கலாம்."

"எங்கியும் எழுதல சார். அதான் முதல் தப்பு. மூணு துளைக்குக் கையெழுத்து போட்டேன், ஒரு கோட்டுக்குப் போடல. அதையும் இந்த ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். ஷாஃப்ட் நம்ம டிராயிங்கைப் படிச்சுட்டா சுத்துது?"

"நேரா இல்லாமலா இத்தனை வருஷம் மெஷின் ஓடுது?"

"இத்தனை வருஷம் துளை கடையற நீளமான போரிங் பாரை ஒரே மூச்சுல உள்ள விட்டு மூணையும் ஒண்ணாக் கடைஞ்சோம். இந்தத் தடவை பாதியை இந்தப் பக்கம் கடைஞ்சு, சட்டத்தைத் திருப்பிப் போட்டு மீதியை அந்தப் பக்கம் கடைஞ்சாங்க. அதுலதான் கோடு தப்பிடுச்சு. கேளுங்க சுரேஷ்பாபு அண்ணாவை."

"சீசன் அவசரம் சார்" என்று முணுமுணுத்தான் சுரேஷ்பாபு. "ஆனா கடைசியில மாஸ்டர் பாரை விட்டுப் பாத்துட்டுத்தானே அனுப்பினோம்! சர்ருன்னு போச்சு."

நாகபூஷணத்தின் முகம் தெளிந்தது. மாஸ்டர் பார் என்பது பட்டறை தொடங்கியபோது அவரே நின்று செய்வித்த சோதனைத் தண்டு. மூன்று துளைகளின் அளவைவிடச் சிறிதே குறைந்த பருமன். உள்ளே வெற்றிடம் விட்டும் இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். மூன்று துளைகளும் நேர்க்கோட்டில் இருந்தால் மட்டுமே அது ஊடுருவும். கோணியிருந்தால் நடுவில் முட்டும். அங்கே அதன் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

"கொண்டு வாங்கடா பாரை!" என்றார்.

அதே முறையில் கடையப்பட்ட இரண்டாவது சட்டம் ஒன்று அனுப்புவதற்குத் தயாராகப் பட்டறை நடுவே நின்றது. டெபோரா அன்று காலையே அதையும் கம்பி இழுத்து அளந்திருந்தாள். அதன் நடுத்துளையும் விலகியிருந்தது. வேலையாட்கள் கூடினர். இருவர் தண்டைத் தூக்கி முதல் துளையில் வைத்துத் தள்ளினர். முதல் சுவரைக் கடந்தது, நடுச்சுவரைக் கடந்தது, மூன்றாவது சுவரின் வழியே பளபளவென்று தலை நீட்டியது. யாரோ ஒருவன் கைதட்டினான்.

"வெண்ணெய்ல கத்தி மாதிரி!" என்றான் சுரேஷ்பாபு. "வருஷா வருஷம் நம்ம கைத்திறமை ஏறிக்கினே போவுது சார். ஆரம்பத்துல எல்லாம் இதை உள்ள விடறதுக்குள்ள தாவு தீந்துடும்."

நாகபூஷணம் பேனாவை நீட்டினார். "இப்ப எழுதும்மா. கிரீஸ் இல்ல, அவ்வளவுதான். எழுதலைன்னா நாளையிலேர்ந்து வர வேணாம்."

டெபோரா பேனாவை வாங்கவில்லை. கண்முன்னே நடந்ததை மறுக்கவும் அவளால் முடியவில்லை. கம்பி பொய் சொல்லாது. தண்டும் பொய் சொல்லாது என்று ஊரே சொல்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் அவள் அளந்திருந்தாள்.

"நான் நாளைக்கு வரலைன்னாலும் அந்தத் துளை அங்கியேதான் சார் இருக்கும். அளக்காத எதுக்கும் நான் கையெழுத்து போட மாட்டேன். இந்த பாரை அளக்கணும்."

சுரேஷ்பாபு பொங்கினான். "பாரை அளக்கறதா? எல்லாத்தையும் அளக்கறதே அதுதானே! ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெச்சு, பூ போட்டு, முதல் தேங்காயை அதுக்குத்தான் உடைக்கிறோம். அதையே சந்தேகப்படுவியா நீ?"

"நீங்க பூஜை பண்றதுல எனக்கு என்ன வந்தது அண்ணா? எங்க வீட்ல பைபிளுக்குத் துணி போட்டு வெச்சிருக்கோம். நான் இரும்பைத்தான் அளக்கறேன், சாமியை அளக்கல."

"முடியாது!"

"அப்போ துளையும் சரின்னு சொல்ல முடியாது, தனசேகர் திருடன்னும் சொல்ல முடியாது. ஒரு மனுசனோட சோத்துல கை வெக்கிறோம் அண்ணா. இரும்புக்கு இருக்கற மரியாதை அவருக்கும் கொஞ்சம் இருக்கட்டும்."

நாகபூஷணம் தண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாமே பெரிய மைக்ரோமீட்டரை எடுத்தார்.

"நீ தள்ளி நில்லு. நான் அளக்கறேன். நீ நம்பர் எதுவும் சொல்லாதே."

கருங்கல் மேசைமேல் தண்டைக் கிடத்தச் செய்து துடைத்தார். ஒரு முனையில் அளந்தார், நடுவில் அளந்தார், மறுமுனையில் அளந்தார். தண்டின் தலையில் அதன் பருமன் எண்ணாகப் பொறிக்கப்பட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதைப் படித்தார். மாட்டிக்கொண்டு கருவியைப் படித்தார். மறுபடியும் தொடக்கத்திலிருந்து அளந்தார். முதலாளி ஒரு பொருளை இப்படி அளந்து அந்தப் பட்டறையில் ஒருவரும் பார்த்ததில்லை.

தண்டு மெலிந்திருந்தது. ஓரிடத்தில் அல்ல, தலைமுதல் கால்வரை சீராக. ஏறத்தாழ அந்த இரண்டு மயிரிழை அளவுக்கே. மெலிந்த தண்டுக்குக் கோணல் துளையும் நேர்வழிதான்.

"யாருடா இதைக் கடைஞ்சது?" என்று கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விடை தெரிந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், பட்டறையில் வேறெவரும் அந்தத் தண்டைத் தொடக் கூடாது. குளித்து, ஈர வேட்டியோடு வந்து, எமரித் தாளால் அதைக் கண்ணாடிபோல் மின்னும்வரை தேய்ப்பது நாகபூஷணத்தின் உரிமை. ஆண்டுதோறும் அவர் கை, பக்தியோடு, இரும்பை உரசி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறது. தேயத் தேயத் தண்டு எளிதாக நுழைந்தது. நுழைய நுழைய, தங்கள் திறமை வளர்கிறதென்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். நீளப் போரிங் பாரால் கடைந்த காலம்வரை துளைகள் தாமாகவே நேராக இருந்தன. ஆகவே தண்டு மெலிந்தது யாரையும் கடிக்கவில்லை. முறையை மாற்றிய பிறகுதான் கடித்தது, அதுவும் சித்தூரில் கூடை தூக்குகிறவனை.

நாகபூஷணம் மைக்ரோமீட்டரைத் துடைத்து அதன் பெட்டியில் வைத்தார். பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"சுரேஷ்பாபு, இதைப் பூஜை மேடையிலேயே வெச்சுடு. இனிமே துளைக்குள்ள போகக் கூடாது. புதுசா ஒண்ணு செய்யி; அதை யாரும் தேய்க்கக் கூடாது, நானும் தேய்க்கக் கூடாது. அந்த ரெண்டு சட்டத்துக்கும் நடுச்சுவரை மாத்தி, நீளப் போரிங் பாரை வெச்சு ஒரே மூச்சுல கடைஞ்சு குடு. டெபோரா, டிராயிங்ல என்ன எழுதணுமோ எழுது."

மூன்று துளைகளின் அச்சும் ஒரே கோட்டில் அமைய வேண்டும், விலகல் எவ்வளவு வரை பொறுக்கலாம், அதை எப்படி அளப்பது என்று அவள் வரைபடத்தில் எழுதினாள். அவர் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்திட்டார்.

"ரிப்போர்ட்டை மெயில்ல அனுப்பிடட்டுமா சார்?"

"மெயில்லயா அவனைத் திருடன்னு சொன்னேன்?" என்றார்.

இரண்டாவது சட்டம் சரிசெய்யப்பட்டதும், சித்தூர்ச் சட்டத்துக்குப் பதிலாக அதை லாரியில் ஏற்றி அவரே உடன் போனார், டெபோராவும் போனாள். சித்தூர்த் தொழிற்சாலையில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் இருபுறமும் நின்று அழுகலைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார்கள். நாகபூஷணம் முன்பு நின்ற அதே இடத்தில் போய் நின்றார். தனசேகரை அழைக்கச் சொன்னார். அவன் வந்தான், பழச்சாறு படிந்த கைகளைக் கட்டிக்கொண்டான்.

"எல்லாரும் கேளுங்கம்மா" என்றார் நாகபூஷணம். "அன்னிக்கு இங்க நின்னு இந்தத் தனசேகரைத் திருடன்னு சொன்னேன். அவர் திருடல. கிரீஸ் எல்லாம் சரியாத்தான் வெச்சிருக்கார். என் பட்டறையில துளையைக் கோணலாப் போட்டு, என் தப்பை அவர் தலையில வெச்சேன். என்னை மன்னிக்கணும் தனசேகர். மெஷினை இனிமே நீங்கதான் பாத்துக்கணும்னு மேடத்துக்கிட்டயும் கேட்டுக்கறேன்."

"வேலை அவருக்குத்தான். நான் எழுதிக் குடுத்துடறேன்" என்றாள் சுமித்ரா.

அருகில் நின்ற நாலைந்து பெண்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். தொலைவில் இருந்தவர்கள் பழத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை.

தனசேகர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "அன்னிக்கு நீங்க போட்ட சத்தம் அந்தக் கோடி வரைக்கும் கேட்டுது சார். அங்க நிக்கிற கமலம்மா அன்னிலேர்ந்து எனக்கு டீ கூட ஊத்தல. இன்னிக்கு உங்க தொண்டைக்கு என்ன ஆச்சு? பாதி பெல்ட்டோட நின்னுடுச்சே?"

சுரேஷ்பாபு அங்கு இருந்திருந்தால் அவன் மேல் பாய்ந்திருப்பான். நாகபூஷணத்தின் காதுமடல்கள் சிவந்தன.

"நியாயம்தான்" என்றார்.

பெல்ட்டை ஒட்டி, ஈரத் தரையில் செருப்பு வழுக்க, அவர் மெல்ல நடந்து போனார். மறுகோடியில், தலையில் துண்டு கட்டிய கமலம்மாவின் எதிரில் நின்று, இயந்திரச் சத்தத்தை மீறும்படி, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.